மேலிருந்து கீழே: குஸ்கோவின் ஹுவாக்காக்கள் வழியே ஒரு நாள் நடை

குஸ்கோவின் ஆர்மாஸ் சதுக்கத்தில் பத்தடிக்கு ஒருவர் நின்றுகொண்டு உங்களை 'சிட்டி டூர்' போகக் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் பேருந்து. முதலில் ஊருக்குள் கோரிகாஞ்சா, பிறகு மலைமேல் சாக்சைவாமான், கென்கோ, புக்கா புக்காரா, கடைசியில் தாம்போமச்சாய். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். கென்கோவுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். வழியில் ஒரு அல்பாக்கா ஸ்வெட்டர் கடைக்கு ஐம்பது நிமிடம். தாம்போமச்சாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை.

அதே இடங்களைத் தலைகீழ் வரிசையில் பார்ப்பதற்கான வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. காலையில் வண்டி பிடித்து உச்சிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நடந்தே ஊருக்குள் இறங்குங்கள். நுரையீரலுக்கு இது சுலபம். கூட்டம் மேலே ஏறும் நேரத்தில் நீங்கள் கீழே இருப்பீர்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: இந்த மலையில் தண்ணீர் எப்படிப் போகிறதோ அப்படிப் போனால்தான் இன்காக்கள் எதைக் கும்பிட்டார்கள் என்பது பிடிபடும்.

முதலில் ஒரு சொல்

ஹுவாக்கா. நாள் முழுவதும் வழிகாட்டியின் வாயில் வரப்போகிற கெச்சுவாச் சொல். இதைக் 'கோயில்' என்று எடுத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி தவறிப்போகும். ஒரு பாறை ஹுவாக்காவாக இருக்கலாம், ஒரு சுனை இருக்கலாம், சாலை வளைந்து ஊர் முதன்முதலாகக் கண்ணில் படுகிற திருப்பம்கூட இருக்கலாம். பெர்னாபே கோபோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1653இல் எழுதி முடித்த நூலில் குஸ்கோவைச் சுற்றியிருந்த ஹுவாக்காக்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மொத்தம் 328. அவை அனைத்தும் கோரிகாஞ்சாவிலிருந்து ஆரக்கால் போலக் கிளம்பும் 41 கோடுகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கோட்டுக்கு செக்கே என்று பெயர். இன்ன கோட்டை இன்ன குலத்தார் கவனிக்க வேண்டும், இன்ன சுனைக்குச் சிப்பி போட வேண்டும், இன்ன பாறைக்கு லாமா வெட்ட வேண்டும் என்று பொறுப்பு பிரித்து வைத்திருந்தார்கள். சில இடங்களில் குழந்தைகளையும் பலியிட்டதாகக் கோபோவே எழுதுகிறார். நல்ல வழிகாட்டி அதை மறைக்க மாட்டார்.

பட்டியலில் மிகுதியும் சுனைகளும் கற்களும்தான். அரண்மனைகளும் கட்டடங்களும் குறைவு. ஆகவே இந்த நடையில் சுவரை மட்டும் பார்க்கிறவர் பக்கவாத்தியத்தைக் கேட்டுவிட்டுப் பாட்டை விட்டவர் ஆவார். ஒவ்வொரு இடத்திலும் முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே? மனிதன் வருமுன் இங்கே இருந்த பாறை எது?

வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு செக்கேவைத் தேடிக் கிளம்பும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். ஹுவாக்காக்களைக் களத்தில் இறங்கித் தேடிய பிரையன் பவர் என்ற தொல்லியலாளர், பல கோடுகள் நேர்கோடே அல்ல, வளைந்தும் நெளிந்தும் போகின்றன என்று காட்டியிருக்கிறார்.

மூச்சு, சீட்டு, சாமான்

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடை தொடங்கும் தாம்போமச்சாய் 3,700 மீட்டருக்கும் மேலே. விமானத்தில் இறங்கிய மறுநாளே இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். தலைவலி, குமட்டல், படுத்தால் தூக்கம் வராமை: இதற்கு ஊரில் 'சொரோச்சே' என்று பெயர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ப் பழகிய தைரியம் இங்கே செல்லாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நான் சொல்வது: வந்திறங்கியதும் நேராகக் காரில் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயாந்தைதாம்போவுக்கோ உருபாம்பாவுக்கோ இறங்கி இரண்டு இரவு தங்கிவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு ஏறுங்கள். நெஞ்சு, இரத்த அழுத்தம் தொடர்பான மருந்து சாப்பிடுகிறவர்கள் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

மலைமேல் உள்ள நான்கு இடங்களுக்கும் 'பொலேத்தோ துரிஸ்திகோ' என்ற கூட்டுச் சீட்டு வேண்டும். 16 இடங்களுக்கான முழுச் சீட்டு 130 சோல், பத்து நாள் செல்லும். இந்த நான்குக்கும் மட்டுமான பகுதிச் சீட்டு 70 சோல், ஒரே நாள்தான் செல்லும். மோராய், பிசாக், ஒயாந்தைதாம்போ எல்லாம் பார்க்கப் போகிறவர் முழுச் சீட்டே வாங்கிவிடலாம். விலை ஏறக்கூடும், அதனால் கையில் கொஞ்சம் கூடுதலாகவே சோல் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோரிகாஞ்சா இதில் அடங்காது. அது தொமினிக்கன் துறவிகளின் மடம், அங்கே தனிச் சீட்டு. இந்தக் குழப்பத்தில் வாசலில் நின்று சண்டை போடுகிற வெளிநாட்டுக்காரர் ஒருவரையாவது நீங்களும் பார்ப்பீர்கள்.

மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம். ஜூன், ஜூலையில் விடியற்காலைக் குளிர் உறைநிலையைத் தொடும். பத்து மணிக்கு வெயில் தோலை உரிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திப் போய் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். தொப்பி கட்டாயம். இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கழிப்பறைக்குச் சில்லறைக் காசு. பாதையில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவரும். கல்லெடுப்பதுபோலக் குனிந்தாலே நின்றுவிடும். நம்மூர்த் தந்திரம் அங்கேயும் பலிக்கிறது.

சைவர்களுக்கு ஒரு வாக்கியம்: 'நோ கோமோ கார்னே நி போயோ'. இறைச்சியும் சாப்பிட மாட்டேன், கோழியும் சாப்பிட மாட்டேன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். அங்கே கோழி இறைச்சிக் கணக்கில் சேர்வதில்லை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

இந்த நடையின் தரம் முக்கால்வாசி வழிகாட்டியின் கையில்தான். பெருவில் வழிகாட்டித் தொழில் செய்ய உரிமம் வேண்டும். 'கார்னே' என்ற அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். முறையானவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். அடுத்ததாக நான் கேட்பது, வீட்டில் கெச்சுவா பேசுவாரா என்பது. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

தமிழருக்கு இதில் ஒரு சின்ன வசதி உண்டு. கெச்சுவாவுக்கும் தமிழுக்கும் உறவு கிடையாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பெயரோடு விகுதி ஒட்டி ஒட்டி வளரும் முறை நமக்குப் பழக்கமானது. 'வாசி' என்றால் வீடு, 'வாசிய்' என்றால் என் வீடு, 'வாசிய்பி' என்றால் என் வீட்டில். ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிற ஒன்றை கெச்சுவா நம்மைப்போலவே இரண்டாகப் பிரிக்கிறது: 'ஞொகாஞ்சிஸ்' என்றால் நாம், 'ஞொகாய்க்கு' என்றால் நாங்கள்.

என்னை அழைத்துப்போன அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலை முழுவதும் 'எங்கள் மலைகள், எங்கள் பச்சமாமா' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நம்முடையதா, எங்களுடையதா, கெச்சுவாவில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். 'மலை எங்களுடையது, பாப்பாய். பூமி நம்முடையது' என்றார். அதற்குப் பிறகுதான் அவர் பாடம் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இன்னொன்று. 'மாமா' என்றால் அங்கே அம்மா. பூமி பச்சமாமா, நிலவு மாமா கீயா, கடல் மாமா கோச்சா. நமக்கு முதல் இரண்டு மணி நேரம் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும்.

தவிர்க்க வேண்டியவர் யார்? கல்லை மூலிகைச் சாறு ஊற்றி இளக்கினார்கள், வேற்றுக் கிரகத்தார் வந்து அடுக்கினார்கள் என்று தொடங்குகிறவர். 1980களில் ழான்-பியர் புரோட்சென் என்ற கட்டடக்கலை ஆய்வாளர், பழைய கற்சுரங்கங்களில் கிடைத்ததைப் போன்ற உருண்டைக் கற்களையே சுத்தியலாக வைத்துத் தானே கொத்திப் பார்த்து, அந்த நுணுக்கமான பொருத்தத்தை மனிதக் கையால் கொண்டுவர முடியும் என்று காட்டிவிட்டார். 'சக்தி ஏற்றும்' நடை, 'ஷாமன்' நடை என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நான் ஒதுக்கிவிடுவேன். ஷாமன் என்பது கெச்சுவாச் சொல்லே அல்ல. அங்கே சடங்கு செய்பவருக்குப் பாக்கோ என்று பெயர். சதுக்கத்தில் துண்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருக்கும் பாக்கோவை நான் இதுவரை பார்த்ததில்லை.

தாம்போமச்சாய்: தண்ணீரிடம் தொடங்குங்கள்

பிசாக் போகும் சிற்றுந்துகள் புபுத்தி தெருவிலிருந்து கிளம்புகின்றன. ஏறும்போதே தாம்போமச்சாய் என்று சொல்லிவிட்டால் வாசலில் இறக்கிவிடுவார்கள். வாடகைக் காரில் போனாலும் பெரிய செலவில்லை. எட்டு மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள்.

வாசலிலிருந்து மெல்லிய ஏற்றம், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலேயே மூச்சிரைக்கும். வெட்கப்படாமல் நில்லுங்கள். பாதையோரம் விரித்து வைத்திருக்கும் கம்பளித் துணிகளைப் பார்ப்பதாகப் பாவனை செய்யலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குன்றின் சரிவில் படிப்படியாகக் கட்டிய கல்தளங்கள். மேல் சுவரில் ஆளுயர மாடக்குழிகள், கீழே அகன்று மேலே குறுகிய இன்கா வடிவத்தில். இடையில் கல்லின் ஊடாக ஒரு தூம்பு தண்ணீரைக் கொட்டுகிறது. அது கீழ்த்தளத்துக்கு வந்து இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் சம அளவில் விழுகிறது. மழைக் காலமோ வெயில் காலமோ, ஊற்று வற்றுவதில்லை. இதற்கு 'இன்காவின் குளியலறை' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. குளித்தார்களோ என்னவோ, இங்கே ஹுவாக்கா என்பது இந்தக் கட்டடம் இல்லை, கல்லுக்குப் பின்னாலிருந்து வரும் நீர். கட்டடம் அதற்குப் போட்ட மேடை. ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். இரண்டு தாரைகளின் சத்தமும் ஒன்றாகி, பிறகு தனித்தனியாகப் பிரிந்து காதில் விழும். கயிறு கட்டியிருக்கிறது, தொட முடியாது; குடிக்கவும் வேண்டாம்.

சாலையைத் தாண்டிச் சற்றுக் கீழே புக்கா புக்காரா. 'சிவப்புக் கோட்டை' என்று பொருள்; சாய்ந்த வெயிலில் சுண்ணாம்புக் கல் செம்மை தட்டும். கோட்டையாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. இன்கா யுபாங்கி, அதாவது பச்சகூத்தி அரசர், வேட்டைக்குப் போகும்போது தங்கிய மாளிகை தாம்போமச்சாய் என்றும், அது ஆந்திஸ் காட்டுக்குப் போகும் சாலையருகே ஒரு மேட்டின்மேல் இருந்தது என்றும் கோபோ எழுதியிருக்கிறார். மேட்டின்மேல் இருப்பது இதுதான். சுனையுள்ள இடத்துக்கு அவர் தருவது வேறு பெயர். அதனால் நாம் இன்று சொல்லும் பெயர்கள் இடம் மாறிப் போயிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வழிகாட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் படித்தவரா என்பது தெரிந்துவிடும். இருபது நிமிடம் போதும்.

நிலவின் குகை

இங்கிருந்து பெரும்பாலானவர்கள் வண்டியில் கென்கோவுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் நெடுஞ்சாலையை விட்டு வயல்களும் யூக்கலிப்டஸ் தோப்புகளும் உள்ள பாதையில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். கிளைப்பாதைகள் நிறைய, தனியாகப் போனால் வழி தவறும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்த இடம் ஒன்றே நியாயம் செய்துவிடும். மேகமில்லாத நாளில் தென்கிழக்கே வெள்ளையாக ஒன்று தெரியும். அவுசங்காத்தே, 6,384 மீட்டர். குஸ்கோக்காரர்களுக்கு அது வெறும் மலையில்லை, 'ஆப்பு': ஊரைக் காக்கும் பெரியவர்.

அந்த மலை கண்ணில் பட்ட இடத்தில்தான் எங்கள் வழிகாட்டி அம்மா உட்கார்ந்து மடியிலிருந்து கோக்கா இலைப் பையை எடுத்தார். இலைகளை விரலால் அலைந்து ஓட்டையில்லாத, நுனி உடையாத மூன்றைப் பொறுக்கினார். பளபளப்பான பக்கம் ஒரே முகமாக இருக்கும்படி விசிறிபோல அடுக்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தார். வாயருகே கொண்டுபோய் அவுசங்காத்தேயின் பெயரையும் இன்னும் இரண்டு மலைகளின் பெயரையும் சொல்லி மூன்று முறை ஊதினார். ஊதுகிற மூச்சுதான் காணிக்கை என்றார். மூன்று இலைகள் கொண்ட அந்தக் கொத்துக்குக் கிந்து என்று பெயர். அதைப் புல்லுக்கு நடுவே ஒரு கல்லுக்கு அடியில் செருகிவிட்டு, அடுத்த மூன்றை எனக்குக் கொடுத்தார்.

கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். பாதையில் யாரோ அடுக்கிய கல்லுக்கு அடியில் இலையிருந்தால் எடுக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். வேலிக்குள் இருக்கும் தொல்லியல் இடங்களில் நீங்களாகவே சடங்கு நடத்துவது, மாடக்குழியில் காசு வைப்பது, கல்லில் மது தெளிப்பது எல்லாம் கூடவே கூடாது. இலையைக் கடித்து மென்று தின்பதில்லை, வெற்றிலைபோலக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது. சுண்ணாம்புக்குப் பதிலாக 'யிப்தா' என்று சாம்பல் கட்டி ஒன்றைத் துளி சேர்ப்பார்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும், நடை கொஞ்சம் எளிதாகும்.

பாதையின் முடிவில் தனியாக நிற்கும் பெரிய சுண்ணாம்புப் பாறைதான் சலோன்புங்கு, ஊர்க்காரர்கள் சொல்லும் நிலவுக் கோயில். இங்கே சீட்டு கேட்பதில்லை. பாறையின் பிளவுக்குள் நுழையும் இடத்தில் சுவரோடு சுவராக ஒரு பாம்பு செதுக்கியிருக்கிறது. கண் உடனே கண்டுபிடிக்காது, கையால் வழிகாட்டினால்தான் தெரியும், தலை சிதைந்துவிட்டது. உள்ளே போனால் பாறையைக் குடைந்த மேடை. மேலே ஒரு பிளவு. அதன் வழியாக நிலவொளி மேடைமேல் விழும் நாட்கள் உண்டு. நாங்கள் போனது பதினோரு மணி வெயிலில். மேடைமேல் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் கிடந்தது, அதற்குள் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. முழு நாளிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எந்த வருடத்தில் கட்டினார்கள், யார் கட்டினார்கள் என்ற பேச்சே இல்லாமல், ஒரு பாறையின் வயிற்றுக்குள் போய் வரலாம்.

சற்றுத் தள்ளிக் குசியுச்சாயோக் என்ற குரங்குப் பாறை. நேரமிருந்தால் பாருங்கள்.

கென்கோ

'வளைந்து நெளிந்தது' என்று பொருள். பாறை உச்சியில் செதுக்கிய நெளிவாய்க்கால்தான் இந்தப் பெயருக்குக் காரணம். மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்த சிச்சா என்ற மதுவை அதில் ஊற்றி, அது எந்தப் பக்கம் பிரிந்து ஓடுகிறது என்று பார்த்துக் குறி சொன்னார்கள் என்பது வழக்கமான விளக்கம். மேலே ஏற விடுவதில்லை, கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கீழே அரைவட்டச் சுவர், 19 மாடக்குழிகள், நடுவே ஆறு மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை. அதைச் செதுக்கவில்லை, மேடை கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை: முதலில் இருந்தது பாறை, சுவர் அதற்குச் சபை.

பாறைக்கு அடியில் குகை. வெட்டி எடுத்த கல்மேடை ஒன்று உண்டு, தொட்டால் சில்லென்றிருக்கும் என்பார்கள், தொடாதீர்கள். இங்கேதான் அரசர்களின் உடலைப் பதப்படுத்தினார்கள், இங்கேதான் பலி கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொரு கதை சொல்வார். கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்சைவாமான்

கென்கோவிலிருந்து சாலையோரமாகவே போகலாம். வழியில் கை விரித்து நிற்கும் வெள்ளை ஏசு சிலை. குஸ்கோவில் தஞ்சமடைந்திருந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் நன்றிக்கடனாக 1945இல் கொடுத்தது. அங்கே ஊர் மொத்தமும் ஓட்டுக் கூரைகளாகக் காலடியில் விரியும். வேகவைத்த பெரிய மக்காச்சோளக் கதிரும் பாலாடைக் கட்டியும் விற்பார்கள். 'சோக்லோ' என்று கேளுங்கள். நடையில் சாப்பிட்டதிலேயே அதுதான் உருப்படி.

சாக்சைவாமானுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரம்பப் பல் போல மடங்கி மடங்கிப் போகும் மூன்று அடுக்குச் சுவர். மிகப் பெரிய கல் 100 டன்னுக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எல்லோரும் அந்தக் கல்லின்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் பெருங்கல்லையே நிறுத்தியிருக்கிறார்கள், விளிம்பு உருண்டு, தலையணைபோல உப்பியிருக்கும். இரண்டு கல் சேரும் இடத்தில் நிழல் விழும்படி உள்வாங்கிக் கொத்தியிருக்கிறார்கள். பிற்பகல் வெயிலில் அந்த நிழற்கோடுகள்தான் சுவரை உயிரோடு காட்டுகின்றன.

பார்க்க முடியாததையும் கேட்டு வாங்குங்கள். இப்போது நிற்பது மிச்சம்தான். 1536இல் மாங்கோ இன்கா ஸ்பானியரை முற்றுகையிட்டபோது கடும் சண்டை இங்கே நடந்தது. ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் தம்பி ஹுவான் பிசாரோ இந்தச் சண்டையில் அடிபட்டுத்தான் செத்தார். பிணங்களைத் தின்ன வந்த காண்டோர் கழுகுகள் குஸ்கோ நகரின் பழைய ஸ்பானியக் காலச் சின்னத்தின் ஓரத்தில் இருந்தன. பிறகு பல ஆண்டுகள் இங்கிருந்த கற்களைப் பெயர்த்து உருட்டிக் கொண்டுபோய்க் கீழே தேவாலயமும் வீடுகளும் கட்டினார்கள். தூக்க முடியாதவை மட்டும் தப்பின. மேலே முயுக்மார்க்கா என்ற கோபுரத்தின் வட்ட அடித்தளம் தெரியும். கோபுரம் ஊருக்குள் எந்தெந்தச் சுவரில் இருக்கிறதோ.

எதிர்ப்பக்கம் உள்ள வழவழப்பான பாறைச் சரிவில் குஸ்கோப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். நானும் சறுக்கினேன். கால்சட்டை கிழியும், எச்சரித்துவிட்டேன்.

ஜூன் 24 அன்று இங்கே இந்தி ராய்மி, சூரியன் திருவிழா. இப்போது நடப்பது 1944இல் புதிதாகத் தொடங்கிய அரங்கேற்றம். வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோவின் நூலை அடிப்படையாக வைத்து எழுதியது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு இந்த நடையைத் திட்டமிடாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் சுவரையே பார்க்க முடியாது.

ஊருக்குள்

சான் கிறிஸ்தோபல் தேவாலயம் வழியாகப் படிக்கட்டு நேராக ஆர்மாஸ் சதுக்கத்துக்கு இறங்குகிறது. முழங்கால் வலிக்கிறவர்கள் ஒரு தடி வைத்துக்கொள்வது நல்லது.

சதுக்கத்தில் பார்க்க இன்காச் சுவர் அதிகமில்லை, ஆனால் காலடியை நினைத்துப் பாருங்கள். இன்காக்கள் இந்தத் திடலுக்குப் பசிபிக் கடற்கரையிலிருந்து மணல் சுமந்துவந்து பரப்பியிருந்தார்கள். இரண்டரைச் சாண் ஆழத்துக்கு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலையேறி வந்த கடல் மணல், உள்ளே புதைத்த சிறு தங்க, வெள்ளி உருவங்கள். ஸ்பானிய அதிகாரி போலோ தெ ஒந்தெகார்தோ அதை வாரியெடுத்துப் பேராலயக் கட்டுமானத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு திடலின் தெய்வத்தன்மை அதன் மண்ணில் இருந்தது என்று புரிந்துகொண்டவர்தான் அதைச் செய்ய முடியும். கும்பிடுவது நின்றுவிடும் என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு கோணக் கல் ஹாத்துன் ருமியோக் தெருவில், சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிடம். கூட்டம் எப்போதும் இருக்கும். 2025 பிப்ரவரியில் ஒருவர் இரும்பால் அடித்து அதைச் சேதப்படுத்திவிட்டார், காவல் கூடியிருக்கிறது. கையை நீட்டினாலே சத்தம் போடுவார்கள். எனக்கு அதைவிட லொரேத்தோ சந்து பிடிக்கும். இரண்டு பக்கமும் இன்காச் சுவர் தொடர்ந்து வரும், அது நேராக நம்மைக் கோரிகாஞ்சா பக்கம் கொண்டுபோய் விடும்.

கோரிகாஞ்சா

41 கோடுகளும் கிளம்பிய புள்ளி. 'பொன் முற்றம்' என்று பெயர். சுவரில் அறைந்திருந்த தங்கத் தகடுகளை 1533இல் ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா அரசர் அதாவால்பாவின் மீட்புப் பணத்துக்காகக் கடப்பாரை வைத்துப் பெயர்த்தார்கள். பிறகு அதே சுவர்களின்மேல் சாந்தோ தொமிங்கோ மடம் எழுந்தது. 1950 மே 21 நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி இடிந்தது, பூச்சுக்குப் பின்னால் மறைந்திருந்த இன்கா அறைகள் வெளியே வந்தன. இன்று உள்ளே நுழைந்தால் வளைவுகள் கொண்ட ஸ்பானிய முற்றத்தின் ஓரத்தில் அந்த அறைகள், ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு போல நிற்கும்.

இங்கே கல் வேறு. மேலே பார்த்த சுண்ணாம்புப் பெருங்கற்கள் இல்லை. கருஞ்சாம்பல் நிற ஆண்டசைட், செங்கல் வரிசைபோல நேராக, இணைப்பில் தலைமுடி நுழையாத பொருத்தம். சுவர்கள் உள்நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கும். ஒரு அறையின் மாடக்குழிக்கு நேராக நின்று பாருங்கள்: அடுத்த அறையின் திறப்பு, அதற்கு அடுத்தது, எல்லாம் ஒரே கோட்டில் சிறுத்துக்கொண்டே போகும். மூன்றரை மணிக்குள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டுமே திறப்பார்கள்.

பிறகு வெளியே வந்து எல் சோல் பெருந்தெரு பக்கம் இறங்கிப் புல்வெளியைப் பாருங்கள். புகழ்பெற்ற வளைந்த சுவர் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும், அதற்குக் காசு இல்லை. இன்காக்கள் காலத்தில் இங்கே தங்கத்தில் செய்த மக்காச்சோளச் செடிகள் நட்டிருந்ததாக ஸ்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வழிகாட்டிக்குப் பேசிய தொகைக்கு மேல் ஏதாவது கொடுப்பதானால் இங்கே கொடுத்துவிடுங்கள். மீதமிருக்கும் கோக்கா இலையையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டும், பையில் மறந்த தேநீர்ப் பொட்டலம் உட்பட. பெருவில் அது சாதாரணப் பொருள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் அடங்கும், சென்னை விமான நிலையத்தில் 'தேநீர்தான்' என்ற விளக்கம் எடுபடாது. எங்கள் வழிகாட்டி அம்மா நான் நீட்டிய பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் உடைந்த இலைகள். 'நல்லதையெல்லாம் மலைக்குக் கொடுத்துவிட்டீர்களா?' என்று கேட்டுவிட்டு, உடைந்ததில் நான்கை எடுத்துத் தன் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.